ஒரு டாலரும் ஒரு வாய்ப்பூட்டும்

"ஆய்வுக்குப் பணம் வேண்டும். பணம் ஆலைகளிலே இருக்கிறது. ஆகவே, பல்கலைக்கழகம் ஆலையின் வாயிலுக்குச் செல்லட்டும்!"

அறிவுரை கூறுகிறார்கள், ஆன்றோர்கள். மாநாட்டிலே கூறுகிறார்கள், மலர்மாலைக்கு நடுவே கூறுகிறார்கள், பட்டமளிப்பு விழாவிலே கறுப்பு அங்கி அணிந்து நின்று கூறுகிறார்கள். கேட்கும்போது இனிக்கத்தான் செய்கிறது. அறிவு ஒரு பக்கம், செல்வம் ஒரு பக்கம். இரண்டும் கைகோத்தால் நோயாளிக்கு மருந்து கிடைக்கும், ஆய்வாளருக்குக் கருவி கிடைக்கும், முதலாளிக்கு இலாபம் கிடைக்கும், அரசுக்குச் செலவு மிச்சம். யாருக்கு நட்டம்? என்று கேட்கின்றனர்.

யாருக்கு நட்டம் என்பதைத்தான் இந்த ஞாயிறு பேசலாம் என்று எண்ணுகிறேன்.

கல்லூரியிலே கால் வைத்துப் பட்டம் வாங்காமலே வெளியேறியவன் நான். "உனக்கேன் பல்கலைக்கழக வம்பு?" என்று கேட்கக்கூடும். மருந்தை விழுங்குகிறவர்கள் பட்டதாரிகள் மட்டும்தானா, ஐயா! மாத்திரை வாங்கும் கடையிலே யாரும் என்னிடம் பட்டம் உண்டா என்று கேட்டதில்லை. பணம் உண்டா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தகுதி போதும், எழுதுகிறேன்.

நாடகம் எழுதிப் பழகிய கை. ஆகவே இரண்டு காட்சிகள் காட்டுகிறேன். இரண்டும் கற்பனையல்ல, நடந்தவை. ஊர் ஒன்றே, கனடா நாட்டு டொரன்டோ. பல்கலைக்கழகமும் ஒன்றே. இடையிலே ஓடியவை எழுபத்து நான்கு ஆண்டுகள்.

முதற் காட்சி, 1922 சனவரி. டொரன்டோ பொது மருத்துவமனை. கட்டிலிலே ஒரு சிறுவன், லியனார்டு தாம்சன். வயது பதினான்கு, எடையோ அறுபத்தைந்து பவுண்டு. தோல் போர்த்திய எலும்பு என்பார்களே, அது உவமையல்ல அங்கே, உண்மை. நீரிழிவு கண்ட பிள்ளைக்கு அந்நாளில் மருத்துவர் தரக்கூடிய மருந்து ஒன்றே ஒன்றுதான்: பட்டினி! உணவைக் குறைத்தால் சில திங்கள் உயிர் நீளும். உண்டால் நோய் கொல்லும், உண்ணாவிட்டால் பசி கொல்லும். பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சனவரி 11-ஆம் நாள் அந்தச் சிறுவனின் உடலில் ஓர் ஊசி போடப்பட்டது. பாண்டிங், பெஸ்ட் எனும் இருவர் முந்தைய கோடையில், மக்லியாடு என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்திலே நாய்களை வைத்துச் செய்த சோதனையின் விளைவு அது. பயன் கிட்டவில்லை. மருந்திலே மாசு இருந்தது. கோலிப் எனும் உயிர்வேதியியலார் அதைத் தூய்மை செய்தார். 23-ஆம் நாள் மீண்டும் ஊசி. இம்முறை இரத்தத்தின் சர்க்கரை இறங்கியது. எமன் வாயிலிருந்து மீட்டார்கள் என்று புராணிகர் சொல்வர். பன்றியும் மாடும் தந்த கணையச் சாற்றைக் கொண்டு மனிதன் மீட்டான் என்று நான் சொல்கிறேன். அந்தச் சிறுவன் 1935 வரையில் வாழ்ந்தான்.

இன்சுலின் பிறந்தது! உலகெங்கும் சாகக் கிடந்தோர் கைநீட்டிக் கேட்கும் மருந்து. உயிருக்கு விலை என்ன என்று கேட்டால் எந்தத் தந்தை பேரம் பேசுவான்? கண்டுபிடித்தவர்கள் நினைத்திருந்தால் பொன்மாளிகை எழுப்பியிருக்கலாம். என்ன செய்தார்கள்? 1923 சனவரியில் பாண்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் தங்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திடம் விற்றார்கள். விலை? தலைக்கு ஒரு டாலர்! மூவருக்கும் சேர்த்து மூன்றே டாலர்!

பணமே வேண்டாதவர்க்குக் காப்புரிமை மட்டும் எதற்கு? வேறு எவனாவது அதை எடுத்துக்கொண்டு, எனதே எனது என்று உலகத்தின் முன்னே கதவைச் சாத்திவிடக் கூடாதே என்பதற்காக. பூட்டை வாங்கியவர்கள் கதவைப் பூட்டவில்லை. பூட்ட எண்ணியவன் கையில் அந்தப் பூட்டு சிக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

"நிறுத்து, நிறுத்து! அந்தக் கதையில் ஓர் ஆலை வருகிறதே, அதை ஏன் மறைக்கிறாய்?" என்கிறது ஒரு குரல். மறைக்கவில்லை. வருகிறது, எலி லில்லி நிறுவனம், அமெரிக்காவின் இண்டியானாபோலிசிலிருந்து. வராமல் தீரவில்லை என்பதையும் ஒப்புகிறேன். 1922 வசந்தத்திலே டொரன்டோவில் இன்சுலின் செய்யும் வேலையே நின்றுபோயிற்று. சிறு குடுவையிலே வந்த மருந்து பெரிய கலத்திலே வர மறுத்தது. செய்தவர்க்கே செய்முறை கைநழுவியது. நோயாளிகளோ காத்துக்கிடந்தனர். அந்த இக்கட்டிலே, மே 30-ஆம் நாள், லில்லியுடன் ஒப்பந்தம். ஆலையிலே வேதியியலார் இருந்தனர், இயந்திரங்கள் இருந்தன, இறைச்சிக் கூடங்களிலிருந்து கணையத்தை வண்டி வண்டியாகக் கொண்டுவரும் வழி இருந்தது. மருந்து பெருகிற்று, பல்லாயிரவர் பிழைத்தனர்.

ஆலையைப் பழிக்க நான் இங்கு வரவில்லை. அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள் என்கிறேன். லில்லிக்குத் தனியுரிமை எத்தனை காலம்? ஓராண்டு! அதன்பின் தகுதியுள்ள பிறரும் உரிமம் பெற்றுச் செய்யலாம். காப்புரிமை யாரிடம்? பல்கலைக்கழகத்திடம். மருந்தின் தரத்தைச் சோதிப்பவர் யார்? பல்கலைக்கழகக் குழு. நிறுவனம் 'ஐலெட்டின்' என்று சொந்தப் பெயர் சூட்டி விற்க முனைந்தபோது, இன்சுலின் எனும் பொதுப்பெயர் எங்கே என்று கேட்டதும் அக்குழுதான். வண்டியிலே ஆலை குதிரையாகப் பூட்டப்பட்டிருந்தது. கடிவாளம் பல்கலைக்கழகத்தின் கையிலே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது டொரன்டோவிடம், இன்றைய அறிவுரையாளர்கள் வாயே திறக்காத ஒன்று: சொந்த மருந்துச் சாலை! பிட்ஜெரால்டு எனும் மருத்துவர் குதிரை லாயத்திலே தொடங்கி, 1914-இல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக்கிய கன்னாட் ஆய்வுக்கூடம். தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று மருந்து, ஏழைப் பிள்ளைக்கு எட்டும் விலையிலே. ஆல்பர்ட் கூடர்ஹாம் எனும் மதுவணிகச் செல்வர் 1917-இல் ஒரு பண்ணையையே வழங்கினார் அதற்கு. வழங்கியவர் தம் பெயரைக்கூட அதன் நெற்றியிலே எழுதிக்கொள்ளவில்லை. கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த கன்னாட் கோமகன் பெயரைச் சூட்டினர். செல்வர் பணம் தருவதே தீது என்று யார் சொன்னது? கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாரா, கொடுத்த கையாலேயே குரல்வளையைப் பிடித்தாரா என்பதன்றோ கேள்வி!

அந்தக் கன்னாட் என்னவாயிற்று? 1972-இல் பல்கலைக்கழகம் அதை விற்றுவிட்டது. கை மாறி, 1989-இல் பிரெஞ்சு நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, ஒரு காலத்தில் உலகுக்கே இன்சுலின் வழங்கிய கனடா, தடுப்பூசிக்காகப் பிற நாட்டுக் கப்பலையும் விமானத்தையும் எதிர்பார்த்து நின்றது. விற்ற நாளிலே சிக்கனம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்!

திரை விழட்டும். இரண்டாம் காட்சிக்கு வருவோம்.

1996. அதே டொரன்டோ. பல்கலைக்கழகத்தோடு இணைந்த குழந்தைகள் மருத்துவமனை. நான்சி ஒலிவியேரி எனும் குருதிநோய் மருத்துவர். அவரிடம் வருவோர் தலசீமியா நோயாளிகள். பிறப்பிலேயே வரும் நோய். சில கிழமைகளுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் சேருகிறது. சேர்ந்த இரும்பு ஈரலை அரிக்கிறது, இதயத்தை முடக்குகிறது. அதை வெளியேற்ற அன்று இருந்த வழி, இரவு முழுதும் தோலுக்கடியிலே ஊசி குத்தி, சிறு பம்பு கொண்டு மருந்து செலுத்துவது. பிள்ளைகள் அழுவார்கள், வளர்ந்தவர்கள் வெறுத்து விட்டுவிடுவார்கள். ஊசிக்குப் பதில் ஒரு மாத்திரை கிடைத்தால்? டெஃபெரிப்ரோன் எனும் மாத்திரை அந்த நம்பிக்கையைத் தந்தது. நம்பிக்கையோடு ஆய்ந்தவரே ஒலிவியேரி. அவர் அந்த மருந்தின் பகைவர் அல்லர்.

பணம்? பல்கலைக்கழகமும் தொழிலும் கைகோக்கும் திட்டத்தின் கீழ், அரசின் மருத்துவ ஆய்வு மன்றமும் அப்போடெக்ஸ் எனும் மருந்து நிறுவனமும் சேர்ந்து தந்தன. இன்று நமக்குப் பரிந்துரைக்கிறார்களே, அதே ஏற்பாடு! அந்த ஒப்பந்தங்களுள் ஒன்றிலே ஒரு வரி: நிறுவனத்தின் இசைவின்றி ஆய்வு நடக்கும்போதும் முடிந்து ஓராண்டு வரையிலும் விவரத்தை வெளியிடலாகாது. மருத்துவர் கையெழுத்திட்டார். அன்று அது ஒரு வரியாகத்தான் தெரிந்தது.

சில நோயாளிகளிடம் மாத்திரை போதிய அளவு இரும்பை இறக்கவில்லை என்று கண்டார் ஒலிவியேரி. மருத்துவமனையின் அறநெறிக் குழுவிடம் உரைத்தார். நோயாளிகளுக்கு அறிவியுங்கள் என்றது குழு. உங்கள் கருத்தே தவறு என்றது நிறுவனம். 1996 மே 24-ஆம் நாள் ஆய்வை நிறுத்தியது. வெளியே சொன்னால் சட்ட நடவடிக்கை என்று எச்சரித்தது.

பாருங்கள் தோழர்களே, காட்சியை! எதிரே நோயாளி. அவன் உடலுக்குள்ளே இரும்பு. மருத்துவர் நெஞ்சிலே உண்மை. உதட்டிலே வாய்ப்பூட்டு!

ஒலிவியேரி பூட்டை உடைத்தார், சொன்னார். பின்னர் ஈரலுக்கே தீங்கு நேரலாம் என்ற ஐயம் எழுந்தபோது அதையும் சொன்னார். 1998-இல் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டிலே வெளியிட்டார். பல்கலைக்கழகம் அவர் பக்கம் அரண்போல் நின்றிருக்கும் என்று நினைக்கிறீர்கள். நிற்கவில்லை. அதே காலத்திலே அந்த நிறுவனத்தோடு பல்கலைக்கழகம் பேசிக்கொண்டிருந்தது, சுமார் 2 கோடி டாலர் நன்கொடை பற்றி, புதிய ஆய்வு மாளிகை எழுப்புவதற்கு! 1999 சனவரியில் ஒலிவியேரி தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஹார்வர்டிலிருந்தும் ஆக்ஸ்போர்டிலிருந்தும் பேரறிஞர்கள் வந்து முறையிட்ட பிறகே, அத்திங்களிலேயே, பணி மீண்டது. அதே ஆண்டிலே பல்கலைக்கழகத் தலைவர், அந்த நிறுவனத்தின் வருவாயைப் பாதிக்கும் மருந்துக் காப்புரிமை விதிகள் குறித்து, நிறுவனத்துக்கு ஆதரவாக நாட்டின் பிரதமருக்கே கடிதம் எழுதினார்! செய்தி வெளியானதும் வருத்தம் தெரிவித்தார். 2001-இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் அமைத்த தனிக்குழு விரிவாக ஆய்ந்து, ஒலிவியேரியின் பக்கமே நேர்மை என்று எழுதிற்று.

நாடகக்காரன் புத்தி சும்மா இருக்குமா? அந்த மாளிகையின் முகப்பறையிலே நடந்திருக்கக்கூடிய உரையாடலை, எந்த ஊரென்றும் எவரென்றும் குறிக்காமல், எழுதிப் பார்த்தேன்:

"தாங்கள் தரும் கொடைக்கு நிபந்தனை ஏதும்…?"

"ஒன்றுமில்லை. அறிவு வளர வேண்டும். அவ்வளவே என் ஆசை."

"உண்மை தங்களுக்கு எதிராக வளர்ந்தால்?"

"அதனால்தான் கொடையைத் தவணை முறையிலே தருகிறேன்!"

இதிலே ஒரு நேர்மை எனக்கு வேண்டும். அந்த மாத்திரை நஞ்சென்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தின் கருத்தை ஒப்பிய வல்லுநரும் உண்டு. 1999-இல் ஐரோப்பாவும் 2011-இல் அமெரிக்காவும் அதற்கு இசைவு தந்தன. பிற மருந்து பயன்படாத நோயாளிக்கு இன்றும் தருகிறார்கள். மருந்து நல்லதாகவே இருக்கட்டும்! நல்லதோ அல்லதோ என்ற வழக்கு நடக்க வேண்டிய இடம் எது? ஏட்டிலே நடக்கட்டும், அறிஞர் அவையிலே நடக்கட்டும், எண்ணுக்கு எதிராக எண் வைத்து நடக்கட்டும். வழக்கறிஞர் அறிவிப்பு எப்படி ஐயா மருத்துவ வாதமாகும்? சரியானது நிறுவனத்தின் கருத்தே என்றால், பிறகு எதற்கு வாய்ப்பூட்டு?

"ஒரு ஊரிலே நடந்ததை வைத்து உலகத்தை அளக்காதே" என்பார்கள். சான்பிரான்சிஸ்கோவுக்கு வாருங்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலே பெட்டி டாங் எனும் மருந்தியலார். சின்த்ராய்டு எனும் தைராய்டு மாத்திரை, விலை மலிந்த மற்ற மாத்திரைகளைவிட மேலானதா என்று ஆய, அதைச் செய்யும் நிறுவனமே 1987-இல் பணம் தந்தது. முடிவு நிறுவனத்தின் தலையிலே இடி: எல்லாம் ஒன்றே! எண்பது இலட்சம் அமெரிக்கர் நாள்தோறும் விழுங்கும் மருந்து. மலிவானதற்கு மாறினால் ஆண்டுக்கு 35 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்கிட்டது ஆய்வு. அமெரிக்க மருத்துவச் சங்க ஏடு 1995 சனவரியில் வெளியிட இருந்தது. ஒப்பந்தத்திலே, எழுத்து மூலம் இசைவு பெறாமல் வெளியிடலாகாது என்ற வரி! வழக்கு வந்தால் காக்க மாட்டோம் என்றது பல்கலைக்கழகம். கட்டுரையைத் திரும்பப் பெற்றார் டாங். வெளிவந்தது 1997 ஏப்ரலில். இடைப்பட்ட இரண்டாண்டுக் கூடுதல் விலை யார் பையிலிருந்து போயிற்று? ஒரே வரி, தோழர்களே! டொரன்டோவில் கண்ட அதே வரி, ஊர் மாறி, மருந்து மாறி!

இந்த நாட்டம் எங்கே முளைத்தது? 1980 திசம்பரில் அமெரிக்கா பே-டோல் எனும் சட்டம் இயற்றிற்று. மக்கள் வரிப்பணத்திலே கண்டுபிடித்தாலும் பல்கலைக்கழகம் காப்புரிமை கொள்ளலாம், நிறுவனத்துக்குத் தனியுரிமையும் தரலாம் என்றது. அதே திங்களிலே ஸ்டான்ஃபோர்டின் கோயன், சான்பிரான்சிஸ்கோவின் பாயர் இருவரின் மரபணு ஒட்டுமுறைக்குக் காப்புரிமை கிடைத்தது. 1997-இல் காலாவதியாகும்வரை சுமார் 25 கோடி டாலர் கொட்டிற்று. அதைக் காட்டித்தான் எல்லாரையும் அழைக்கிறார்கள். ஆனால் அந்த உரிமத்தை ஸ்டான்ஃபோர்டு எவர் வந்து கேட்டாலும் தந்தது, நானூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, என்பதை மட்டும் சொல்ல மறக்கிறார்கள். பரிசுச்சீட்டு வென்றவன் படத்தைக் கடை வாசலிலே மாட்டுவார்கள். தோற்றவர்கள் படத்தை மாட்டச் சுவர் போதாது! உரிமம் விற்கவென்று திறந்த பல்கலைக்கழக அலுவலகங்களிலே பெரும்பாலானவை தம் செலவையே ஈட்டுவதில்லை.

ஈட்டியவர்கள் நிலை என்ன? யேல் பல்கலைக்கழகத்திலே புரூசாஃப் எனும் முதிய பேராசிரியரும் துணைவரும் ஆய்ந்த எய்ட்சு மருந்து, ஸ்டாவுடின். அரசுப் பணம் உதவிய ஆய்வு. உரிமம் பிரிஸ்டல்-மையர்ஸ் நிறுவனத்துக்கு. பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலர். தென்னாப்பிரிக்காவிலே மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, 2001-இல், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலின் கதவைத் தட்டிற்று. ஒப்பந்தம் கையைக் கட்டியிருக்கிறதே என்றது பல்கலைக்கழகம். மாணவர்கள் கிளம்பினர், கையெழுத்துத் திரட்டினர். கண்டுபிடித்த பேராசிரியரே மாணவர் பக்கம் நின்று பத்திரிகையிலே எழுதினார். சில கிழமைகளிலே நிறுவனம் இறங்கி வந்தது: தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தமாட்டோம், விலையைக் குறைக்கிறோம் என்றது. அடைத்த கதவைத் திறந்தவை பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையல்ல, மாணவர் விடுதிகள்!

நமக்கென்ன, வெளிநாட்டுக் கதை என்று நாளிதழை மடிக்காதீர்கள். அதே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலே, அமெரிக்க அரசின் பணமும் சேர்ந்து உருவானது என்சலூட்டமைடு, ஆண்களைத் தாக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு மருந்து. 2016-இல் தன் பங்குத்தொகை உரிமையை ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்றபோது பேசப்பட்ட விலை நூறு கோடி டாலருக்கு மேல். அதே ஆண்டிலே இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த மருந்துக்கு உரிமை மறுத்தது. பல்கலைக்கழகம் பேசாமல் இருந்ததா? தில்லி உயர்நீதிமன்றத்தின் படியேறியது! கடல் கடந்து வந்து, மலிவு மருந்து செய்யும் நாட்டின் நீதிமன்றத்திலே, எமக்கே தனியுரிமை என்று வாதாட வந்தவர் ஆலை முதலாளி அல்லர். ஒரு பல்கலைக்கழகம்!

அந்த அமெரிக்கச் சட்டத்தின் நிழலையே இங்கும் நட முயன்றனர். 2008-இல் பொதுப்பண ஆய்வின் அறிவுச்சொத்து பற்றிய மசோதா மாநிலங்களவைக்கு வந்தது, எதிர்ப்பு எழுந்தது, 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. போயிற்று என்று உறங்கலாமா? 2023-இல் தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சட்டம் இயற்றி ஏற்படுத்தினர். ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று முழங்கினர். அதிலே 36,000 கோடி அரசுக்கு வெளியேயிருந்து, தொழில்துறையும் கொடையாளரும் தர வருமென்று திட்டம். நூற்றுக்கு எழுபத்திரண்டு! பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டும் பொறுப்பிலே முக்கால் பங்கைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளை என் சொல்லைத்தான் கேட்பான் என்கிறார் தந்தை!

வரட்டும் பணம். கூடர்ஹாம் தந்ததுபோல் தருவோர் வரட்டும், வரவேற்கிறோம். லில்லியோடு செய்ததுபோல் ஓராண்டு ஒப்பந்தம் செய்யட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும், மையின் ஈரம் காயுமுன், பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். வணிக இரகசியம் என்று சாக்குச் சொல்லாதீர்கள். செய்முறையை மறைத்துக்கொள்ளுங்கள், நிபந்தனையை மறைக்காதீர்கள். மக்கள் பணம் ஒரு காசு கலந்திருந்தாலும், மருந்து ஏழைக்கு எட்டும் விலையிலே வராவிட்டால் உரிமத்தைப் பறித்துப் பிறருக்குத் தரும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடம் இருக்கட்டும். ஊட்டத்துக்குப் பணம் தரும் நிறுவனத்தின் பங்குகள், ஆய்வாளர் பெட்டியிலோ பல்கலைக்கழகப் பெட்டியிலோ இருக்கலாகாது. 1999-இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்திலே மரபணு மருத்துவச் சோதனையில் உயிர் நீத்த பதினெட்டு வயது ஜெசி கெல்சிங்கரின் தந்தையைக் கேளுங்கள். ஆய்வை நடத்தியவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அந்தத் துறையில் இறங்கிய நிறுவனத்திலே பங்கு இருந்தது.

அந்த வரி இருக்கிறதே, நிறுவனத்தின் இசைவின்றி வெளியிடலாகாது என்ற அந்த வரி, அதை எந்தத் துணைவேந்தராவது ஏற்றுக் கையெழுத்திட்டால், எந்த நாளில், எந்த மருந்துக்காக, எவ்வளவு தொகைக்கு என்று கேட்போம். ஆட்சி மன்றத்திலே கேட்போம், சட்டமன்றத்திலே கேட்போம், பட்டமளிப்பு விழா நடக்கும் பந்தலுக்கு வெளியே நின்றும் கேட்போம்.